சொல்லுக்கும் கூலி உண்டு



தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போதே தமிழாசிரியர்களின் கைப்பேசிக்கு ஒருவகைச் செய்தி வரத் தொடங்கிவிடும். "சார், சின்ன வேலைதான். இந்த நாலு வரிய மட்டும் தமிழ்ல எழுதிக் கொடுங்க. நாளைக்குக் காலையில பிரிண்டிங் போகணும்." புடவைக்கடை விளம்பரமாக இருக்கும், பலகார விலைப்பட்டியலாக இருக்கும், திருமண மண்டபத்தின் அறிமுகத் தாளாக இருக்கும். அனுப்பியவர் நம் மாணவரின் தந்தையாகவோ, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளரின் நண்பராகவோ இருப்பார். மறுக்க மனம் வராது. ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிடுவோம். "ரொம்ப நன்றி சார்" என்று பதில் வரும். அத்துடன் முடிந்தது.

இதில் என்ன குறை, தமிழுக்குச் செய்யும் தொண்டுதானே என்று கேட்பவர்கள் உண்டு. தொண்டு எது, தொழில் எது என்று பிரித்துப் பார்க்கவேண்டிய இடம் இது என்பதே என் கருத்து. வணிகத்திற்கு வேண்டிய தமிழை இலவசமாகக் கேட்பதும் நிற்கவேண்டும். இலவசமாகக் கொடுப்பதும் நிற்கவேண்டும். வணிகர்கள் அதற்கென உள்ள தன்னுரிமை விளம்பர எழுத்தாளரை அமர்த்தி, முறையாக வேலை வாங்கி, முறையாகப் பணம் கொடுக்க வேண்டும். இதை ஆசிரியர்களுக்குப் பக்க வருமானம் தேடும் எண்ணத்தில் எழுதவில்லை. இதற்குள் நம் பிள்ளைகளின் எதிர்காலம் இருக்கின்றது என்பதால் எழுதுகிறேன்.

யாருக்குக் கூலி? யாருக்கு நன்றி?

ஒரு கடைக்காரர் துண்டறிக்கை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாளுக்குப் பணம் கொடுக்கிறார். அச்சகத்தாருக்குப் பணம் கொடுக்கிறார். படம் எடுத்தவருக்கும் வடிவமைத்தவருக்கும் கொடுக்கிறார். வீடு வீடாகச் சென்று அஞ்சல் பெட்டியில் போடும் இளைஞருக்கும் நாள்கூலி உண்டு. அந்தத் தாளில் வாடிக்கையாளர் படிக்கப்போவது எதை? சொற்களை! அந்தச் சொற்களை எழுதியவருக்கு மட்டும் 'நன்றி'.

பெயர்ப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் பெயர்ப்பலகையிலும் விளம்பரப் பலகையிலும் தேசிய மொழி முதன்மையாக இடம்பெற வேண்டும் என்பது ஊராட்சி மன்றங்களின் விதி. அந்த மலாய்த் தொடர் பிழையின்றி இருக்கிறதா என்று டேவான் பகாசா டான் புஸ்தாகா சரிபார்த்து உறுதிசெய்யும் முறையும் நடப்பில் உள்ளது. அதே பலகையில் கீழே இருக்கும் தமிழ் வரியை யார் சரிபார்க்கிறார்கள்? ஒருவருமில்லை. அதைச் சரியாக வைத்துக்கொள்ளும் பொறுப்பு முழுக்க முழுக்க நம்முடையது. அந்தப் பொறுப்பை 'நாலு வரி' என்று சுருக்கி, ஓர் ஆசிரியரின் ஓய்வு நேரத்தில் தள்ளிவிடுகிறோம்.

பள்ளி விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழா, நூல் வெளியீடு, இரத்ததான முகாம் ஆகியவற்றுக்கு ஆசிரியர் எழுதிக் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். அது பொதுப்பணி. அதில் யாருக்கும் இலாபம் இல்லை. ஆனால், இலாபம் ஈட்டும் ஒரு நிறுவனத்தின் விளம்பரம் பொதுப்பணி ஆகாது. மளிகைக் கடையில் அரிசியை 'தமிழுக்காக' என்று சொல்லி இலவசமாகக் கேட்டால் கடைக்காரர் கொடுப்பாரா?

அரசாங்க ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. நாம் பொதுச்சேவை ஊழியர்கள். 1993-ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் நடத்தை, ஒழுங்கு விதிமுறைகளில் வெளிவேலை பற்றிய விதி இருக்கின்றது. ஊதியம் பெற்று வெளிவேலை செய்ய விரும்புபவர் துறைத்தலைவரின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். எனவே, "சார், உங்களுக்கே ஏதாவது கொடுத்துவிடுகிறோம்" என்பதும் நேர்வழி ஆகாது. அந்த வேலை உரியவருக்கே போய்ச் சேரட்டும்.

பிழை மட்டுமா சிக்கல்?

தமிழ் விளம்பரம் என்றவுடன் நமக்கு எழுத்துப்பிழைதான் நினைவுக்கு வரும். 'பொரித்த கோழி' என்பது 'பொறித்த கோழி' ஆகிவிடும். பொறித்தல் என்றால் கல்லிலோ செப்பேட்டிலோ எழுத்தைச் செதுக்குதல்! மணப்பெண்ணுக்கு உரிய 'கூறைப்புடவை', கூரையில் போய் உட்கார்ந்து 'கூரைப்புடவை' ஆகிவிடும். 'அரிய வாய்ப்பு' என்பது 'அறிய வாய்ப்பு' ஆகிவிடும். 'முறுக்கு' என்னும் பலகாரம் 'முருக்கு' என்னும் மரமாகிவிடும்.

வகுப்பில் ரகர றகர வேறுபாட்டைப் படித்துக்கொடுத்துவிட்டு அனுப்புகிறோம். பள்ளிவாசலைத் தாண்டியவுடன் பத்தடி உயரப் பலகை ஒன்று, நாம் சொல்லிக் கொடுத்தது தவறு என்று பிள்ளைக்குச் சொல்கிறது. பிள்ளை எதை நம்பும்? நம் கரும்பலகையைவிட அந்தப் பலகை பெரியதாயிற்றே!

பக்கத்து நாட்டிலும் இந்தத் துன்பம் உண்டு. சிங்கப்பூரில் லாவ் பா சாட் என்ற புகழ்பெற்ற உணவு நிலையம் இருக்கின்றது. 2014-இல் ஒரு வழிகாட்டிப் பலகையில் அதன் பெயர் தமிழில் 'லாவ் பா சனி' என்று ஆகியிருந்தது. 'சாட்' என்பது சனிக்கிழமையின் ஆங்கிலச் சுருக்கமாகக் கொள்ளப்பட்டு மொழிபெயர்ந்துவிட்டது! தமிழ் அலுவல் மொழியாக இருக்கும் நாட்டிலேயே, தமிழ் தெரிந்த ஒருவர் இறுதியாக ஒருமுறை பார்க்காவிட்டால் இப்படி நடக்கின்றது.

எனினும், பிழையில்லாத தமிழ் மட்டும் விளம்பரம் ஆகிவிடாது. இதைத் தமிழாசிரியர்களாகிய நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் எழுதித் தரும் வரிகள் இலக்கணப்படி சரியாக இருக்கும். ஆனால், பல நேரங்களில் அவை கட்டுரையின் முன்னுரை போல இருக்கும். "தரமான, சுவையான, சிறந்த பலகாரங்கள் எங்களிடம் குறைந்த விலையில் கிடைக்கும்." இதில் பிழை ஒன்றும் இல்லை. படித்தவர் நெஞ்சில் நிற்பதும் ஒன்றும் இல்லை. ஊரிலுள்ள எல்லாப் பலகாரக் கடைக்கும் இதே வரி பொருந்தும். எல்லாருக்கும் பொருந்துவது யாருக்கும் உரியதன்று.

விளம்பர எழுத்தாளர் என்பவர் யார்?

ஆங்கிலத்தில் 'காப்பிரைட்டர்' என்பார்கள். பதிப்புரிமையைக் குறிக்கும் 'காப்பிரைட்' என்ற சொல்லும் தமிழில் எழுதினால் ஏறக்குறைய அப்படியே ஒலிப்பதால் பலர் குழம்பிப் போகிறார்கள். இது வேறு, அது வேறு. விற்பனைக்கு வரும் ஒரு பொருளைப் பற்றியோ சேவையைப் பற்றியோ, வாங்கக்கூடியவர் படித்து முடிவெடுக்கும் வகையில் எழுதுபவரே விளம்பர எழுத்தாளர். ஒரு நிறுவனத்தில் மாதச் சம்பளத்திற்கு இல்லாமல், வேலைக்கு வேலை பேசி எழுதித் தருபவர் தன்னுரிமை எழுத்தாளர்.

அவருடைய வேலை எழுதுவதில் தொடங்குவதில்லை, கேட்பதில் தொடங்குகிறது. வீட்டிலிருந்தே முறுக்கு சுட்டு விற்கும் ஓர் அம்மையாரை எடுத்துக்கொள்வோம். நல்ல எழுத்தாளர் முதலில் அவரிடம் கேள்விகள் கேட்பார். யார் வாங்குகிறார்கள்? எப்போது சுடுகிறீர்கள்? எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? என்ன எண்ணெய்? வாங்கியவர்கள் திரும்ப வரும்போது என்ன சொல்கிறார்கள்? "சுட்ட மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன் தம்பி, வச்சு விக்கமாட்டேன்" என்று அந்த அம்மையார் பேச்சோடு பேச்சாகச் சொல்வார். எழுத்தாளர் அந்த இடத்தில்தான் பேனாவை எடுப்பார்.

"நேற்று மாலை பிழிந்த முறுக்கு. இன்று காலை உங்கள் வீட்டில்."

இவ்வளவுதான். 'தரமான', 'சிறந்த' என்ற சொற்களே இல்லை. ஆனால், படிப்பவர் நாவில் மொறுமொறுப்புத் தெரிகின்றது. இந்த வரியை எழுத ஐந்து நிமிடம் போதும். அந்த உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் பேசவேண்டும். கூலி அந்த ஒரு மணி நேரத்திற்கும், அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பட்டறிவுக்கும் சேர்த்துத்தான்.

உள்ளூர் எழுத்தாளரை அமர்த்துவதில் இன்னொரு நன்மையும் உண்டு. நம் மக்கள் காலையில் 'பசியாறுவார்கள்'. ஒருவரை ஒருவர் பார்த்தால் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பார்கள். வெளியூரில் எழுதி வாங்கிய உணவக விளம்பரத்தில் 'காலைச் சிற்றுண்டி' என்று இருக்கும். தவறன்று; ஆனால் அது நம் வீட்டுக் குரல் அன்று. 'ஒட்டுக்கடை', 'பிரத்தியேக வகுப்பு', 'இரவுச் சந்தை', 'வெள்ளி' என்று நாம் புழங்கும் சொற்கள் இந்த மண்ணில் வாழ்பவருக்குத்தான் இயல்பாக வரும்.

அமர்த்தும் முறை

பெற்றோர்களில் வணிகர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1. முதலில் பணிக்குறிப்பு ஒன்று எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். என்ன விற்கிறீர்கள், யாருக்கு விற்கிறீர்கள், படித்தவர் அடுத்து என்ன செய்யவேண்டும் (கடைக்கு வரவேண்டுமா, தொலைபேசியில் அழைக்கவேண்டுமா), எங்கே வெளிவரும், எந்த நாளுக்குள் வேண்டும் என்ற விவரங்கள் அதில் இருக்கட்டும். 'நல்லா எழுதிக் கொடுங்க' என்பது பணிக்குறிப்பு ஆகாது.

2. முன்பு எழுதியவற்றைக் கேட்டுப் பாருங்கள். பட்டம் என்ன, பரிசு எத்தனை என்பது அடுத்த கேள்வி. அழகான கவிதை எழுதுபவர் நல்ல விளம்பரம் எழுதுவார் என்ற உறுதி இல்லை. உங்கள் தொழிலுக்கு நெருங்கிய எதையாவது எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். ஐயம் இருந்தால் சிறிய வேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் பணம் கொடுங்கள். 'மாதிரிக்கு' என்று சொல்லி ஐந்து பேரிடம் இலவசமாக எழுதி வாங்கி, அவற்றில் நல்லதை எடுத்துக்கொண்டு ஐவரையும் அனுப்பிவிடுவது அறமன்று.

3. சொல்லெண்ணிக்கையைக் கணக்கிட்டுக் கூலி பேசாதீர்கள். மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவதைப் பார்த்து இங்கும் அப்படியே கேட்கிறார்கள். தமிழுக்கு இது பெரும் அநீதி. 'எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது தமிழில் ஒரே சொல். இதையே ஆங்கிலத்தில் சொல்ல ஆறேழு சொற்கள் வேண்டும். அந்தக் கணக்கில் தமிழ் எழுதுபவருக்கு ஏழில் ஒரு பங்கு கூலிதானா? அதோடு, சொல்லுக்குக் காசு என்றால் சேர்த்து எழுதவேண்டியதைப் பிரித்து எழுதும் ஆசை வரும்; சுருங்கச் சொல்பவர் நட்டப்படுவார். விளம்பரத்தின் உயிரே சுருங்கச் சொல்வதில்தான் இருக்கின்றது. ஆகவே, முழு வேலைக்கும் சேர்த்து ஒரு தொகை பேசுங்கள்.

4. பேசியதை எழுத்தில் வையுங்கள். பெரிய ஒப்பந்தம் வேண்டியதில்லை, மின்னஞ்சலே போதும். என்ன வேலை, எவ்வளவு தொகை, முன்பணம் எவ்வளவு, எந்த நாள், எத்தனை முறை திருத்தம் என்பவை அதில் தெளிவாக இருக்கட்டும். தொகையில் பாதியை முன்பணமாகக் கொடுத்து, இரண்டு முறை திருத்தம் என்று வைத்துக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு. திருத்தத்திற்கு எல்லை இல்லாவிட்டால் மாமா ஒரு கருத்து, மைத்துனர் ஒரு கருத்து என்று வரி வளர்ந்துகொண்டே போகும். கடைசியில் மீண்டும் 'தரமான, சுவையான, சிறந்த' என்பதில் வந்து நிற்கும்!

5. பதிப்புரிமையைப் பேசிவிடுங்கள். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லையெனில், பணித்து எழுதி வாங்கிய படைப்பின் உரிமை எழுதச் சொன்னவருக்கு மாறியதாகக் கொள்ளப்படும். சிங்கப்பூரின் சட்டத்தில், வேறு உடன்பாடு இல்லையெனில், தன்னுரிமை எழுத்தாளரிடமே உரிமை இருக்கும். இரண்டு நாட்டிலும் கடை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எழுத்தாளர் தம் வேலையை மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டலாமா என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடலாம்.

6. சட்டம் தடுப்பதை எழுதச் சொல்லாதீர்கள். 'சர்க்கரை நோயை அடியோடு விரட்டும்', 'புற்றுநோய் குணமாகும்' என்ற வகை விளம்பரங்கள் நம்மிடையே நிறையச் சுற்றுகின்றன. 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் நீரிழிவு, புற்றுநோய், இதயநோய், சிறுநீரக நோய் முதலிய நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றது. பொய்யான வணிக விவரிப்புக்கு 2011-ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டம் இருக்கின்றது. தமிழில் எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று எண்ணவேண்டா. படித்து ஏமாறுபவர்கள் நம் வீட்டுப் பாட்டியும் தாத்தாவும்தான். "இதை நான் எழுதமாட்டேன்" என்று சொல்லும் எழுத்தாளர் கிடைத்தால், அவரை விட்டுவிடாதீர்கள்.

7. அச்சுக்குப் போகும் முன் எழுதியவரிடம் காட்டுங்கள். இதுதான் பலரும் தவறவிடும் படி. எழுத்தாளர் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பும்போது தமிழ் சரியாக இருக்கும். வடிவமைப்பாளர் அதைத் தம் மென்பொருளில் ஒட்டுவார். அந்த மென்பொருளில் இந்திய மொழிகளுக்குரிய அமைப்பு முடுக்கப்படாமல் இருந்தால் எழுத்து உடையும். கொம்பு இடம் மாறும். கால் தனியே நிற்கும். 'கொழுக்கட்டை' என்பது யாரும் படிக்க முடியாத கோடுகளாகிவிடும். வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அவர் கண்ணுக்கு எல்லாம் அழகாகத்தான் தெரியும். விளம்பரம் நாளேட்டின் வழியே வந்த காலத்தில், அச்சுக்கோப்பவர், மெய்ப்புப் பார்ப்பவர் என்று இரண்டு மூன்று தமிழ்க் கண்களாவது அதன்மேல் பட்டன. 1924-இல் தோன்றிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. இன்று பெரும்பாலான விளம்பரங்கள் எந்த நாளேட்டையும் தொடாமல் நேரே கைப்பேசிக்கு வருகின்றன. ஆகவே, இறுதிப் படியைப் படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ எழுதியவருக்கு அனுப்பி, 'சரி' என்று அவர் சொன்ன பிறகே அச்சுக்குக் கொடுங்கள். 5,000 தாள் அச்சான பின் பிழையைக் கண்டுபிடித்து யாருக்கு என்ன பயன்?

8. சொன்ன நாளில் பணம் கொடுங்கள். தன்னுரிமைப் பணியாளருக்கு மாதச் சம்பளம் இல்லை. ஊழியர் சேமநிதிக்கு முதலாளி பங்கு இல்லை. மருத்துவ விடுப்பும் இல்லை. 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று நீங்கள் இயல்பாகச் சொல்லும் சொல், அவர் வீட்டு வாடகையைத் தள்ளிப்போடுகிறது.

"எங்களைப் போன்ற சிறு வியாபாரிகளால் முடியுமா?"

நியாயமான கேள்வி. வீட்டில் பலகாரம் சுட்டு விற்கும் ஒரு தாய், அச்சகத்துக்கே யோசித்து யோசித்துத்தான் பணம் எடுப்பார். அவரிடம் போய் 'எழுத்தாளரை அமர்த்துங்கள்' என்று சொல்வது எளிது.

என் பதில் இதுதான். வேலையைச் சிறிதாக்குங்கள், கூலியை இல்லாமல் ஆக்காதீர்கள். இருபது வரி வேண்டா. இரண்டு வரி எழுதி வாங்குங்கள். அந்த இரண்டு வரியைப் பெயர்ப்பலகை, பொட்டலம், முகநூல் பக்கம் எல்லாவற்றிலும் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம். பணமாகக் கொடுக்க முடியாவிட்டால், எழுத்தாளர் மனமுவந்து ஏற்றுக்கொண்டால், தீபாவளிக்குப் பலகாரமாகக் கொடுங்கள். அதுவும் கூலிதான். முக்கியமானது, 'இது வேலை; இதற்கு மதிப்பு உண்டு' என்று இருவரும் ஒப்புக்கொள்வது. ஆனால், மண்டபம் முழுக்கக் குளிர்சாதனம் வைத்திருப்பவரும் விளம்பரத்திற்குத் திரைப்பட நடிகரை வரவழைப்பவரும், தமிழுக்கு மட்டும் பணமில்லை என்று சொல்வதை ஏற்க முடியாது.

இயந்திரம் எழுதாதா?

"இப்போது கணினியே தமிழில் எழுதித் தருகிறதே, எழுத்தாளர் எதற்கு?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். உண்மைதான். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இன்று தமிழ் எழுதுகின்றன; சில நேரங்களில் பிழையின்றியும் எழுதுகின்றன. அவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எழுத்தாளரே அவற்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆனால், "வச்சு விக்கமாட்டேன் தம்பி" என்று அந்த அம்மையார் சொன்னதை இயந்திரம் கேட்டிருக்காது. அவர் வீட்டு வாசலில் அது நிற்கவில்லை. கேட்கப்படாத உண்மையை அதனால் எழுத முடியாது. எனவே எல்லாருக்கும் பொருந்தும் வரியைத்தான் எழுதும். அது எழுதியது சரியா என்று சொல்லவும் தமிழ் தெரிந்த ஒரு மனிதர் வேண்டும். அவருக்கும் கூலி கொடுக்கத்தான் வேண்டும்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறோம்?

இப்போது நான் முதலில் சொன்ன இடத்திற்கு, நம் பிள்ளைகளின் எதிர்காலத்திற்கு வருகிறேன்.

முதலாம் ஆண்டுச் சேர்க்கை நேரத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தமிழ் படித்தால் பிள்ளைக்கு என்ன வேலை கிடைக்கும்?" நாம் தாய்மொழி, பண்பாடு, அடையாளம் என்றெல்லாம் சொல்வோம். அவை யாவும் உண்மை. ஆனால், பெற்றோர் கேட்டது வயிற்றைப் பற்றி. நாம் சொல்வது நெஞ்சைப் பற்றி. எஸ்பிஎம் தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எடுத்து, பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்து வெளிவரும் இளைஞருக்கு ஆசிரியர் பணியை விட்டால் வேறு என்ன வழி காட்டுகிறோம்?

வழி இருக்கின்றது. கடைகளும் உணவகங்களும் மண்டபங்களும் பிரத்தியேக வகுப்பு நிலையங்களும் நம்மிடையே ஏராளமாக இருக்கின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் தமிழ் வேண்டும். அந்தத் தேவையெல்லாம் கூலியுள்ள வேலையாக மாறினால், சில இளைஞர்களாவது தமிழை வைத்துப் பிழைக்க முடியும். அதே தேவையை நாம் ஓய்வு நேரத்தில் இலவசமாக நிறைவேற்றிக்கொண்டே இருந்தால், அந்தத் தொழில் பிறக்காமலே போய்விடும். நாம் செய்யும் 'உதவி' நம் முன்னாள் மாணவரின் சோற்றில் கைவைக்கிறது. இதைச் சொல்ல எனக்கே கசப்பாக இருக்கின்றது. ஆனால் இதுதான் உண்மை.

தமிழ்ப்பள்ளி இந்தத் தொழிலுக்கு எவ்வளவு பொருத்தமான நாற்றங்கால் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நம் கலைத்திட்டத்தில் செய்யுளும் மொழியணியும் இருக்கின்றன. 'கமகம', 'பளபள' என்று இரட்டைக்கிளவி படித்துக்கொடுக்கிறோம். இணைமொழி, மரபுத்தொடர், உவமைத்தொடர் என்று ஆண்டுதோறும் படித்துக்கொடுக்கிறோம். உலகில் எந்த விளம்பர எழுத்தாளருக்கும் இவைதாமே கருவி! பிள்ளைகள் இவற்றைத் தேர்வுக்கு மனனம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். வெளியே இவற்றுக்கு வேலை இருப்பதை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

வகுப்பில் ஒன்று செய்து பார்க்கலாம். உள்ளூர்க் கடையொன்றின் விளம்பரத்தைக் கொண்டுவந்து, "இதைப் படித்தால் உனக்கு வாங்கத் தோன்றுகிறதா? ஏன்?" என்று கேளுங்கள். பிறகு அவர்களையே எழுதச் சொல்லுங்கள். இரட்டைக்கிளவி அந்த நாளில் மனனப் பாடமாக இருக்காது. "இப்படி எழுதுவதற்குப் பணம் கொடுக்கிறார்கள், தெரியுமா?" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அந்த வார்த்தை பொய்யாகாமல் பார்த்துக்கொள்வது பெற்றோராகிய உங்கள் கையில் இருக்கின்றது.

அடுத்த முறை "நாலு வரி எழுதிக் கொடுங்க சார்" என்று செய்தி வந்தால் என்ன செய்வது? முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவேண்டியதில்லை. "என் பழைய மாணவர் ஒருவர் இந்த வேலையைச் செய்கிறார், அவரிடம் பேசுங்கள், என்ன தொகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, அந்த மாணவரின் இசைவோடு எண்ணைக் கொடுங்கள். ஊருக்கு ஒருவரையாவது இப்படி அடையாளம் கண்டு வைத்துக்கொள்வோம். கேட்டவருக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும். மாணவருக்கு வேலை கிடைக்கும். நம் பிள்ளைகள் போகும் வழியில் ஒரு பலகையாவது பிழையின்றி நிற்கும்.

'தமிழ் சோறு போடாது' என்று அடிக்கடி சொல்கிறோம். தமிழுக்கு நாம் எப்போது கூலி கொடுத்தோம், அது சோறு போடுவதற்கு?

சிந்திப்போம், இந்தத் தீபாவளியிலிருந்தே தொடங்குவோம்.